பாகற்காய் நிற ஜோங்கா

அக்டோபர் 9

மகன் பூபதி இன்று அளவு நாடாவோடு ஷெட்டுக்கு வந்தான். என்ன அளக்கிறாய் என்றேன். தேங்காய்ப் பருப்பு அடுக்க குடோன் கட்டப் போகிறானாம். ஷெட்டை இடிக்க ஆள் சொல்லியாகிவிட்டதாம். தை மாதம் முடிந்ததும் வருவார்களாம். என்னிடம் கேட்கவில்லை. சொல்லக்கூட இல்லை, நான் கேட்டதால் சொன்னான்.

"உள்ள நிக்கறது?"

"இரும்புக்குப் போட்டர்லாம்மா. வருசக்கணக்கா கோழி முட்டையிடறதுக்குத்தான் நிக்குது."

"ஓடுனா?"

அவன் சிரித்தான். "ஓடுனா நானே புளியமரத்தடில ஷீட்டுப் போட்டுத் தரேன். ஆனா அது தானா வெளிய வரோணும். டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துப்போட்டு ஓடுச்சுன்னு சொல்லக் கூடாது."

சரி என்றேன். உடுமலையில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அவன் பிறக்கும் முன்பிருந்து நடத்தியவள் நான். ஆங்கில எழுத்தையே பார்ட்ஸ் பெட்டிகளைப் பார்த்துத்தான் படித்தேன். என்னிடம் சவால் விடுகிறான்.

அக்டோபர் 10

இந்த நோட்டை என்றாவது பூபதி படிப்பான். அதனால் வண்டியைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

ஜோங்கா என்பது பட்டாளத்துக்காகச் செய்த வண்டி. ஜீப்பைவிட நீளம், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், குடிக்கிற பெட்ரோலுக்குக் கணக்கே கிடையாது. என் தம்பி சென்னியப்பன் பட்டாளத்தில் டிரைவராக இதைத்தான் ஓட்டினான். அவன் ஓய்வு பெற்று வந்த வருடம் ராணுவ டிப்போ ஏலத்துக்கு இருவரும் போனோம். இரண்டு ஜோங்காவை ஒரே லாட்டாக வைத்திருந்தார்கள். ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. கை தூக்கி ஏலம் கேட்டது நான். ஓடுகிற வண்டியை அவன் ஓட்ட, ஓடாததைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

பட்டாளத்துப் பச்சையில் தனியார் வண்டி ஓடக்கூடாது என்பது சட்டம். ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறம் மாற்றச் சொன்னார்கள். நானே பெயிண்டைக் கலந்தேன். பச்சை, மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. ஒரே டிரம்மிலிருந்து இரண்டு வண்டிக்கும் நானே ஸ்பிரே அடித்தேன். காய்ந்த பிறகு பாகற்காய் மாதிரி இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜினைப் பேப்பர் போட்டு மூடாமல் அடித்ததால் கார்புரேட்டர் முதல் கியர்பாக்ஸ் வரை பாகற்காய் தெறித்துவிட்டது. அது தப்பென்று எல்லோரும் சொன்னார்கள். துருப்பிடிக்காமல் இருக்க அது நல்லது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

எந்த வண்டி யாருக்கு என்பதை மூத்தவள் நான் முடிவு செய்வதாக இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நல்ல வண்டியைக் காணோம். சென்னியப்பன் சென்னிமலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு வார்த்தை இல்லை. அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் காரியத்துக்கு வந்தபோதும் பேசவில்லை.

ஓடாத வண்டிக்கு இன்றுவரை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து வருகிறேன். விட்டுக்கொடுப்பதற்கா?

அக்டோபர் 13

கோழிகளை விரட்டினேன். பானெட் திறக்க ஒரு மணி நேரம். கார்புரேட்டர் இல்லை. நான் கழற்றவில்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எலி கடித்த வயர்களோடு கிடக்கிறது. ஸ்டார்ட்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. இன்ஜின் மட்டும் கையால் சுற்றினால் சுற்றுகிறது. அது போதும்.

அக்டோபர் 17

கோவை உக்கடம் போனேன். பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் ஜாபரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஜோங்கா சாமான் தென்னாட்டில் அவனிடம் இல்லாவிட்டால் டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

"ஜோங்காவாக்கா? இப்ப எங்க கெடைக்குது. அதுக்கு சாமான் தேடறதுக்கு நீ பொண்ணு தேடிரலாம்."

"பொண்ணு எனக்கெதுக்கு. கார்புரேட்டர் வேணும். டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். ஸ்டார்ட்டர் வேணும்."

"அப்ப நெசமாலுமே எறங்கிட்டியா?" என்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டீ சொன்னான். "பாக்கறங்க்கா. டெல்லில ஒரு ஆள் இருக்கறான்."

அவன் கடையில் இதற்கு முன் நான் டீ குடித்ததில்லை. அவன் சொன்னதும் இல்லை.

அக்டோபர் 29

லாரி பார்சலில் கார்புரேட்டர் வந்தது. அனுப்பியவர் ஜாபர். நான் எதிர்பார்த்த விலையில் பாதிகூட அவன் கேட்கவில்லை. போனில் பேரம் பேச ஆரம்பித்தேன். "நீ சொல்றத குடுக்கா" என்றான். இது ஜாபர் பேசுகிற பேச்சே அல்ல.

அக்டோபர் 30

கார்புரேட்டரைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் வாசம் அடிக்கிறது. டெல்லி பழைய இரும்புக் கடையில் கிடந்த பொருளில் பெட்ரோல் எப்படி வாசமடிக்கும்? மிதவை சுத்தமாக இருக்கிறது. காற்று ஸ்குருவை யாரோ அளவு பார்த்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் வரை ஓடிய வண்டியிலிருந்து கழற்றியது மாதிரி இருக்கிறது.

ஓடுகிற வண்டியை யாராவது கழற்றி விற்பார்களா? விளங்கவில்லை.

நவம்பர் 6

கடைக்குப் போய் பூபதிக்கு ஸ்டாக் எடுத்துக் கொடுத்தேன். டிராக்டர் பில்டர்களை மாற்றி மாற்றி அடுக்கி வைத்திருக்கிறான். சொன்னால் "கம்ப்யூட்டர்ல இருக்குதும்மா" என்கிறான். கம்ப்யூட்டர் போய் அலமாரியிலிருந்து எடுத்துத் தருமா.

முட்டி வலி. தைலம் தேய்த்தேன்.

நவம்பர் 15

ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒன்றாக வந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். ஸ்டார்ட்டரின் அடிப்பக்கம், கிரீஸுக்குக் கீழே, கைவிரல் அகலத்துக்கு ஒரு பெயிண்ட் திட்டு.

பாகற்காய் நிறம்.

எத்தனையோ பேர் எத்தனையோ நிறம் அடிக்கிறார்கள். டெல்லியில் ஒருவன் இப்படி அடித்திருக்க மாட்டானா.

நவம்பர் 16

கார்புரேட்டரைக் கழற்றி மறுபடி பார்த்தேன். அதிலும் இருக்கிறது.

நவம்பர் 17

உக்கடம். ஜாபரிடம் நேராகக் கேட்டேன்.

"இந்த சாமானெல்லாம் எங்கிருந்து வருது?"

"டெல்லிதாங்க்கா."

"டெல்லில எந்த ஏரியா?"

"அது... பெரிய ஊரில்ல அது. பொருள் நல்லாருக்குதா இல்லியா, அதச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் என்ன. போட்டு ஓட்டுவியா, ஆதார் கார்டு கேட்டுட்டு நிப்பியா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சென்னியப்பன் ஜாபரிடம்தான் சாமான் வாங்குவான். அவன் வண்டிக்குப் புது கார்புரேட்டர் கிடைத்து, பழையதை விற்றிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் புது ஸ்டார்ட்டரும் புது டிஸ்ட்ரிபியூட்டரும் அவனுக்கு எங்கே கிடைத்தன? கிடைத்த இடத்தை ஜாபர் எனக்கு ஏன் சொல்லவில்லை?

நவம்பர் 28

ரொம்ப யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த மனிதனும் ஓடுகிற தன் வண்டியிலிருந்து கழற்றித் தரமாட்டான் என்கிற ஒரு பொருளைக் கேட்க வேண்டும். வரவில்லையென்றால் இதெல்லாம் டெல்லிச் சாமான், நான் வீணாகக் குழம்புகிறேன். ஜாபருக்குப் போன் செய்தேன்.

"கியர்பாக்ஸ் வேணும்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கியர்பாக்ஸாக்கா? உன்ற வண்டிலயே இருக்குமே."

"ரெண்டாவது கியர் பல்லு போயிருச்சு."

"தொறந்து பாத்தியா?"

"பாக்காமயா சொல்றேன்."

பார்க்கவில்லை. ஆனால் போயிருக்கக்கூடியதுதான்.

டிசம்பர் 5

கியர்பாக்ஸ் வந்துவிட்டது. இரண்டு சுமைதூக்கிகள் இறக்கி வைத்தார்கள். சாக்கைப் பிரிக்கவில்லை.

டிசம்பர் 6

பிரித்தேன். பாகற்காய்.

டிசம்பர் 8

என் வண்டியின் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்கூட உதிரவில்லை. ஆயில் மாற்றினால் போதும்.

வந்தது ஸ்பேராக இருக்கட்டும். வைத்துக்கொண்டால் என்ன? நல்ல வண்டியை அவன் வைத்துக்கொள்ளவில்லையா?

டிசம்பர் 20

தூக்கம் சரியில்லை. பிரேக் சிலிண்டர்களைக் கழற்றி வைத்தேன். வாஷர் கிட் உள்ளூரிலேயே கிடைத்தது. ஜாபருக்குப் போன் செய்யவில்லை. அவனே செய்தான். "வேற எதாச்சும் வேணுமாக்கா?" "வேண்டாம்." "அப்பாடா" என்றான். என்ன அப்பாடா என்று கேட்டேன். ஒண்ணுமில்லக்கா என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 29

இன்று பகல் பதினோரு மணி வாக்கில் சென்னியப்பன் மனைவி சொர்ணம் வந்து நின்றாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் காரியத்துக்குப் பிறகு இந்த வாசலை மிதித்ததில்லை.

"வாங்க நங்கைன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டீங்களாட்ட இருக்குது," என்றாள்.

"நாத்தனா நான்தான் உனக்கு நங்கை, நீ எனக்கு நங்கையா? உள்ள வா."

வரவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனாள். சாக்கின்மேல் கிடந்த கியர்பாக்ஸைப் பார்த்தாள். பிறகு என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவளும் பட்டாளத்து டிரைவர் பெண்டாட்டி. எது எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்.

"இது இன்னும் மாட்டலீங்களா?"

"ஸ்பேரு."

"ஸ்பேருங்களா?" அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இத எறக்கறப்பதாங்க அவியளுக்கு இடுப்பு புடிச்சுது. ஆளக் கூப்புடுங்கன்னேன். பட்டாளத்துல ஒத்தையா எறக்குனேன்னு ஒத்தையா எறக்குனாங்க. ஒரு மாசமாச்சு, வெத்தல பாக்கு வாங்கக்கூட நிமுந்து நடக்க முடியல. வண்டி நாலு கல்லு மேல நிக்குது. தோட்டத்துக்குப் போறதுக்கு ஒரு மொபெட்டு. நான் பின்னால உக்காந்து புடிச்சுட்டுப் போறேன்."

"நானா கழட்டச் சொன்னேன்?"

"நீங்கதானுங்களே கேட்டீங்க."

"ஜாபர்கிட்டக் கேட்டேன்."

"ஜாபரு அவியகிட்டத்தானுங்களே கேப்பாரு. தெரிஞ்சுதானுங்க கேட்டீங்க, நங்கை."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

"நல்ல வண்டிய சொல்லாம எடுத்துட்டுப் போனவனுக்கு இப்ப என்ன திடீர்னு பாசம்?" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "இத சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கறாங்க. ஆனா நான் சொல்லிப்போட்டுத்தான் போவேன். எடுத்துட்டுப் போகச் சொன்னதே உங்க ஊட்டுக்காரரு, இந்த ஊட்டு அண்ணந்தானுங்க. நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னிக்குப் போன் போட்டாங்க. 'நல்ல வண்டி இங்க நின்னா உங்கக்கா ஓட்டிப் பழகி ரோட்டுல ஏறிருவா, எங்கியாச்சும் போய் மோதிக்குவா, நீ கொண்டுபோயிரு, நான் சொன்னேன்னு சொல்லாத'ன்னாங்க. உங்க தம்பி ஒரு நாளும் உங்கூட்டு அண்ணன் சொல்ல மீறுனதில்லீங்க."

"செத்தவர் மேல சொல்றது சுலபம்."

"ஆமாங். அதுனாலதான் இத்தன நாளா சொல்லல."

மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாப்பிடச் சொன்னேன், சாப்பிடவில்லை.

டிசம்பர் 30

பொய்யாகத்தான் இருக்கும்.

அன்று கல்யாணத்திலிருந்து வந்து நான் கத்தியபோது என் வீட்டுக்காரர் என்னோடு உட்கார்ந்து சென்னியப்பனைத் திட்டினார். "உன்ற தம்பி இப்பிடிப் பண்ணுவான்னு நெனைக்கவே இல்ல" என்றார். எனக்கு மோர் கலக்கிக் கொடுத்தார். பிறகு வருடக்கணக்காக, நான் சென்னியப்பனைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவார். எனக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்று மாற்றுகிறார் என நினைத்தேன்.

அவர் இருந்தவரை எனக்கு லைசென்ஸ் எடுக்க நேரமே வாய்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது வேலை வந்துவிடும். அவர் போன மறு வருடம் எடுத்தேன். முதல் முறையே பாஸ்.

என் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றியதும் அவரோ.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது.

ஜனவரி 3

யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரியாமல் இன்று பூபதிமேல் பட்டேன். அவன் காபியில் சர்க்கரை அதிகம் என்றான்.

ஜனவரி 14

பொங்கல். கடைக்குப் பூஜை. ஷெட்டுக்கும் ஒரு வாழைக்கன்று கட்டினேன். இடிக்கப் போகிற இடத்துக்கு எதற்கு என்றான் பூபதி. இன்னும் இடிக்கவில்லையே என்றேன்.

சென்னிமலைக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன். என்ன சொல்வது? நீ ஏன் சொல்லவில்லை என்றா? மன்னித்துவிடு என்றா? அதற்கு நான் என்ன தப்புச் செய்தேன்? எனக்குச் சொல்லாததை நான் எப்படித் தெரிந்துகொள்வது? வைத்துவிட்டேன்.

ஜனவரி 19

ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பெட்ரோலை நேராகக் கொஞ்சம் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். பட்டாளத்து வண்டிக்குச் சாவி கிடையாது, சுவிட்ச்தான். மூன்றாவது தடவை பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை. கடையிலிருந்த பூபதிக்கு யாரோ போன் செய்து உங்கள் ஷெட் எரிகிறது என்று சொல்லி, அவன் வாளியோடு ஓடிவந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"பரவால்லியே," என்றான்.

மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஓடுவது பாதி சென்னியப்பனுடையது என்ற நினைப்பு வந்துவிட்டது. எந்தப் பாதி சத்தம் போடுகிறது, எந்தப் பாதி சும்மா இருக்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

ஜனவரி 30

தானாக வெளியே வந்தது. கயிறு இல்லை. புளியமரம் வரை போய்த் திரும்பினேன். பூபதி ஷீட் போடும் ஆளுக்குப் போன் செய்தான். வேண்டாம், கொஞ்சம் பொறு என்றேன்.

"இனி என்னத்துக்கும்மா பொறுக்கோணும்?"

"மரத்துல காக்கா இருக்குது. எச்சம் விழுந்தா பெயிண்ட் போயிரும்."

"அந்தப் பெயிண்டா?" என்றான்.

பிப்ரவரி 2

சுமைதூக்கிகளைக் கூப்பிட்டு கியர்பாக்ஸை வண்டியின் பின்னால் ஏற்றினேன். தாராபுரம், காங்கேயம் வழியாகச் சென்னிமலை. பூபதி பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் எங்கேயும் மோதவில்லை.

சென்னியப்பன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்க நேரமானது. என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"டேப்பட் சத்தம் வருது," என்றான். வால்வு தளர்ந்தால் வரும் டிக் டிக்தான் அது.

"உன்ற வண்டில வராதா?"

"என்ற வண்டில எதுவுமே வரலையே. கல்லு மேலல்ல நிக்குது."

பூபதி சிரித்துவிட்டான். நான் முறைத்தேன். இன்ஜினை நிறுத்தினேன்.

"கியர்பாக்ஸ் கொண்டாந்திருக்கேன்."

"அது உனக்குத்தான் அனுப்புனது."

"எனக்கு வேண்டாம். என்றதே நல்லாருக்குது."

"அப்ப எதுக்குக் கேட்ட?"

சொர்ணம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"அவர் சொன்னதுக்கா எடுத்துட்டுப் போன?"

அவன் சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

"அது பழசு. உடு."

"எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா மச்சான் கூடப் பேச்ச நிறுத்தியிருப்ப. ஒரே ஊட்டுக்குள்ள இருந்துட்டு எப்பிடி நிறுத்துவ? நானு வேற ஊரு. பரவால்ல."

நல்லது செய்தான் என்று சொன்னால், என்னைக் கேட்காமல் இரண்டு ஆண்கள் என்னைப் பற்றி முடிவு செய்தது நல்லது என்று ஆகிவிடும். கெட்டது என்று சொன்னால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறான். நான் அவன் வண்டியைப் போய்ப் பார்த்தேன். பானெட்டுக்குள் ஒன்றுமில்லை, இன்ஜின் மட்டும் மொட்டையாக. நான் அடித்த பெயிண்ட் என் வண்டியில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறான்.

சாப்பிட்டோம். சொர்ணம் கொள்ளுப் பருப்பு வைத்திருந்தாள். புறப்படும்போது சொன்னேன்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். ஷெட்ட இடிக்கறாங்க. புளியமரத்தடில காக்கா எச்சம்."

"எனக்கு வேண்டாங்க்கா. அது உன்ற வண்டி."

"உனக்குக் குடுக்கல. நிறுத்தி வெக்கறேன். எடமிருக்குதா இல்லியா?"

"எடமிருக்குது."

பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டரை உருவிக் கைப்பையில் போட்டேன். கட்டைவிரல் அளவுச் சாமான்தான். அது இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவி இல்லாத வண்டியை அடுத்தவன் ஓட்டிப் போகாமலிருக்க பட்டாளத்தில் டிரைவர்கள் செய்வது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, புத்தகத்தில் படித்தது.

சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் இருவருக்கும் தெரியும் அது எதற்கு என்று.

"நம்பிக்கையில்லியா?" என்றான்.

"இல்ல," என்றேன்.

பஸ்ஸில் வந்தோம்.

பிப்ரவரி 8

சென்னிமலையிலிருந்து போன் வரவில்லை.

ரோட்டர் ஒன்றும் கிடைக்காத பொருளல்ல. ஜாபர் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. சென்னியப்பன் நினைத்தால் அடுத்த நாளே வாங்கி மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றலாம். சுற்றிக்கொண்டிருப்பான்.

பிப்ரவரி 13

ஷெட்டை இடித்தார்கள். தூசி.

பிப்ரவரி 16

ஜாபருக்குப் போன் செய்தேன். டிராக்டருக்கு பேன் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டேன். பேன் பெல்ட் எங்கள் கடையிலேயே தொங்குகிறது. அவனுக்கும் தெரியும்.

"என்னக்கா விசயம்?"

"என்ற தம்பி ரோட்டர் கேட்டு வந்தானா?"

"இல்லியே."

"ஆளாச்சும் அனுப்புனானா?"

"இல்லக்கா. நானே கேட்டேன், ரோட்டர் ஒண்ணு அனுப்பட்டுமான்னு. வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

"அது அக்கா கொண்டுவரும்னாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கொண்டுவருவதாகச் சொல்லவே இல்லை. கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்திலிருந்து சென்னிமலைக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று பூபதியைக் கேட்டேன். எதற்கு என்றான். டேப்பட் சத்தம் சரிசெய்ய என்றேன்.